குரிசு கழுத்திலா, தோளிலா?

கேள்வி: ஐயா, நான் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். ஆறு வருஷத்துக்கு முன் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு மலங்கரை கத்தோலிக்கக் குடும்பத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமியார் எதற்கெடுத்தாலும் குரிசு (சிலுவை) வரைவார், அரிசி உலையில் போடும்போதுகூட. கண் படக்கூடாது என்று என் நாலு வயது மகள் கழுத்தில் வெள்ளியில் ஒரு குரிசு போட்டிருக்கிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் அண்ணன், 'அது விக்கிரகம், கழற்றி எறி' என்கிறான். எங்கள் ஊர் ஆலயத்தில் வெறும் சிலுவைதான். இங்கே பக்கத்து லத்தீன்காரர் (லத்தீன் கத்தோலிக்கர்) வீட்டில் இயேசுவின் உருவத்தோடு இருக்கிறது. எது சரி? மகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? இன்னொன்று. கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். கூலி கிடைக்கிற நாளில் குடித்துவிட்டு வருவார், சில சமயம் கை நீட்டுவார். மாமியாரிடம் சொன்னால், 'ஓரோருத்தர்க்கும் ஓரோ குரிசு உண்டு மோளே, சுமக்கணும்' என்கிறார். வேதத்தில் இருப்பதைத்தானே சொல்கிறார் என்று நானும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இன்று ராத்திரியே அடி விழும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு 181 என்ற எண்ணை அழையுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களுக்கான உதவி எண் அதுதான். உடனே போலீஸ் வரவேண்டும் என்றால் 112. அப்படி அவசரம் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் கழுத்தில் கிடக்கும் குரிசுக்கு ஒரு பக்கம் முழுக்கப் போயிருக்கிறது, கை நீட்டுவதற்கு மூன்றே வரி. இரண்டில் எது பெரியது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் நான் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிலுவை என்றால் என்ன என்பது தெளிவானால்தான், இரண்டாவதில் நான் சொல்லப்போவது வேதத்துக்கு விரோதமானது இல்லை என்று நம்புவீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அவர் பக்கத்துக்கு வேதத்திலேயே பலமான ஆதாரம் இருக்கிறது. வனாந்தரத்தில் பாம்புக்கடியால் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக மோசே ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார், அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணாகமம் 21-ல் படித்திருப்பீர்கள். செய்யச் சொன்னவரே கர்த்தர்தான். நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் (2 இராஜாக்கள் 18:4). அந்த ராஜாவை வேதம் மெச்சித்தான் எழுதுகிறது. ஆக, கடவுளே கொடுத்த அடையாளம்கூட அளவு மீறினால் உடைக்க வேண்டியதாகிவிடும்.

ஆனால் அதே பாம்பைத்தான் இயேசு தம் சிலுவைக்கு முன்னடையாளமாகச் சொன்னார் (யோவான் 3:14). எசேக்கியா உடைத்தது தூபம் காட்டப்பட்ட பாம்பை. மோசே உயர்த்தியதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மாமியார் உலையில் அரிசி போடும்போது குரிசு வரைகிறாரே, அவர் அரிசியையும் கும்பிடவில்லை, தன் விரல்களையும் கும்பிடவில்லை. 'இந்தச் சோறு உம்முடையது' என்று கையால் ஒரு ஜெபம் செய்கிறார்.

இது கத்தோலிக்கர் நடுவில் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அன்றைய கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: வீட்டுக்குள் வரும்போது, வெளியே போகும்போது, செருப்பு மாட்டும்போது, குளிக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, விளக்கேற்றும்போது எல்லாம் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார்களாம். உங்கள் மாமியாரைப் பார்த்து எழுதிய மாதிரியே இருக்கிறது. புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர்கூட 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், காலையில் எழுந்ததும் இரவு படுக்கும் முன்னும் சிலுவை அடையாளம் இட்டு ஜெபிக்கச் சொல்கிறார். உங்கள் தாய்ச் சபையின் சின்னத்திலேயே தாமரையோடு சிலுவை இருப்பதை ஆலய நோட்டீஸ்களில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அண்ணனிடம் இதை வாதமாகக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் மனதுக்கு இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது குரிசு இல்லை, 'கண் படக்கூடாது' என்ற காரணம். அந்த இடத்தில் அது தாயத்து ஆகிவிடுகிறது. கறுப்புக் கயிற்றில் தகடு கட்டுவதற்கும் வெள்ளிச் சங்கிலியில் குரிசு போடுவதற்கும் அப்புறம் ஒரு வித்தியாசமும் இல்லை. இதை மாமியாரிடம் சண்டையாகப் போடாமல், மகளிடம் பேச்சோடு பேச்சாகச் சரிசெய்யலாம். 'இது எதுக்கு அம்மா?' என்று கேட்டால், 'இயேசு நம்மேல் எவ்வளவு பிரியம் வைத்தார் என்று ஞாபகம் வைக்க' என்று சொன்னால் போதும். 'இது போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். குரிசு போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் வரும், அன்றைக்கு அவள் நம்பிக்கை ஆட்டம் காணும். இன்னொன்று, வேதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்: தூங்கும்போது சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்துச் சங்கிலி இறுகிவிடுகிற ஆபத்து உண்டு.

வெறும் சிலுவையா, உருவம் உள்ள சிலுவையா? இதற்கு நம் ஊர்ப் பக்கம் நடக்கும் சண்டையைப் பார்த்தால், உருவம் உள்ளது கத்தோலிக்கம், வெறுமையானது புரொட்டஸ்டண்ட் என்று ஏதோ எல்லைக்கல் நட்ட மாதிரி இருக்கும். அது சரியில்லை. புரொட்டஸ்டண்ட் என்ற பெயரே பிறக்கும் முன் செதுக்கிய பரங்கிமலைக் கற்சிலுவையிலும், கோட்டயம் வலிய பள்ளி என்ற பழைய ஆலயத்தில் உள்ள சிலுவைகளிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து இருக்கிறது, இயேசுவின் உருவம் இல்லை. மலங்கரை சபையும் சேர்ந்த சுரியானி மரபே அப்படித்தான். உங்கள் புகுந்த வீட்டு மலங்கரை ஆலயத்தில் அச்சன் (குருவானவர்) கையில் பிடித்து ஆசீர்வதிக்கிற சிலுவையைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் தாய்வீடும் மாமியார் வீடும் ஒரே பக்கம்தான்.

முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் சிலுவையில் தொங்கும் இயேசுவை வரையவே தயங்கினார்கள். ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுச் செதுக்கல்தான் ஆலயங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சிலுவைக் காட்சிகளில் ஒன்று. காரணம் லேசானது இல்லை. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகள் கலகம் அடங்கியபின் காப்புவாவிலிருந்து ரோம் வரையிலான சாலையோரம் ஏறக்குறைய 6,000 அடிமைகளைச் சிலுவையில் அறைந்து தொங்கவிட்டார்கள். அடிமையையும் கலகக்காரனையும் ஊர் பார்க்க அவமானப்படுத்திக் கொல்கிற கருவி அது. அதை நேரில் பார்த்த தலைமுறைகள் அதை நகையாகப் போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்றை முன்னால் வைத்துத்தான் பவுல், சிலுவையைத் தவிர வேறொன்றையும் குறித்து மேன்மை பாராட்டமாட்டேன் என்று எழுதினார். லத்தீன்காரர் வீட்டுப் பாடுபட்ட சுரூபம் அந்த வலியை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. உங்கள் சபையின் வெறும் சிலுவை, அவர் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்கிறது. இரண்டும் வேண்டும். மகள் இரண்டையும் பார்த்து வளரட்டும். பெரிய வெள்ளியன்று மாமியாரோடு போய்ச் சிலுவையை முத்தமிட்டு கசப்புநீர் குடிக்கட்டும், விடுமுறைக்கு உங்கள் ஊருக்கு வரும்போது கீர்த்தனையும் பாடட்டும்.

சரி, இனி அந்த மூன்று வரிக்கு வருகிறேன்.

'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்' என்று லூக்கா 9:23-ல் இருப்பது உண்மைதான். மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தில் 'எடுத்துக்கொண்டு' என்று இருக்கிறது. எடுக்கிறவன் தானே எடுக்கிறான், அதுவும் இயேசுவின் பின்னால் போவதற்காக. அதனால் வருகிற விலைதான் அங்கே சிலுவை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த தேவசகாயம் பிள்ளை அதைத்தான் எடுத்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை என்ற வழி திறந்திருந்தும் அந்த வழியே போகவில்லை, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் குமரி மாவட்டமே கொண்டாடியது. குடித்துவிட்டு வருகிறவனின் கை உங்கள் கன்னத்தில் விழுவதை இந்த வரிசையில் எப்படிச் சேர்ப்பது? நீங்கள் எதை எடுத்தீர்கள்? அது எந்த விசுவாசத்துக்காக விழுந்த அடி?

சுவிசேஷங்களைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். குஷ்டரோகியிடமோ, பெரும்பாடுள்ள ஸ்திரீயிடமோ, பசித்த ஜனங்களிடமோ இயேசு ஒருமுறைகூட 'இது உன் சிலுவை, சுமந்துகொள்' என்று சொன்னதில்லை. சுகமாக்கினார், சாப்பாடு கொடுத்தார். மனிதர் மேல் வந்து விழுந்த துன்பத்தை அவர் எடுத்துத்தான் போட்டார்.

தமக்கு வந்த வன்முறையையும் அவர் எல்லா நேரமும் நின்று வாங்கவில்லை. நாசரேத்தில் மலைவிளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல் எடுத்தபோது மறைந்து வெளியேறினார். யூதேயாவில் கொல்லத் தேடுகிறார்கள் என்று அந்தப் பக்கமே போகாமல் கலிலேயாவில் இருந்த காலமும் உண்டு. பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, 'நான் தகாதவிதமாய்ப் பேசினேனா? இல்லையென்றால் ஏன் என்னை அடிக்கிறாய்?' என்று நேருக்கு நேராகக் கேட்டார் (யோவான் 18:23). சிலுவைக்குப் போகிற அந்த ராத்திரியிலேயே கேட்ட கேள்வி அது. பவுலைத் தமஸ்குவில் கூடையில் உட்காரவைத்து மதில் வழியே இறக்கித் தப்பவிட்டார்கள். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, நான் ரோமக் குடிமகன், விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று சட்டத்தை எடுத்துப் பேசினார். இவர்கள் யாரும் சிலுவையை மறுதலித்தவர்கள் இல்லையே.

உங்களிடம் யாராவது 1 பேதுரு 3-ஐக் காட்டுவார்கள், கீழ்ப்படியுங்கள் என்று மனைவிகளுக்குச் சொன்ன இடத்தை. காட்டினால், அங்கேயே நிறுத்தாமல் ஏழாம் வசனம் வரை வாசிக்கச் சொல்லுங்கள். மனைவியைக் கனப்படுத்தாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று இருக்கிறது. எபேசியர் 5:25-ஐயும் வாசியுங்கள். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் என்று பவுல் சிலுவையைக் கொண்டுவந்து வைப்பது புருஷன் தோளில். உங்கள் வீட்டில் யார் முதலில் 'தன்னைத்தான் வெறுக்க' வேண்டும் என்றால், கூலிப் பணத்தோடு மதுக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறவர்.

மாமியார்மேல் கோபப்பட வேண்டாம். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் துணையாக இருந்திருக்கிறது. தன் காலத்தில் அவருக்கும் வேறு வழி காட்ட ஆள் இருந்திருக்காது. ஒருநாள் அவர் தனியாக இருக்கும்போது, 'அம்மச்சி, உங்களுக்கும் இப்படி நடந்ததா?' என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பிறகு மருமகள் பக்கம் திரும்பிய மாமியார்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். திரும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தவக்காலத்தில் வெள்ளறடை தெக்கன் குரிசுமலைக்கு நீங்களும் போயிருப்பீர்கள், கேரளப் பக்கமிருந்தும் பத்துகாணிப் பக்கமிருந்தும் ஆட்கள் ஏறுகிற மலை. சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலை எது? சிரேனே ஊரான் சீமோன். இயேசுவே தம் சிலுவையை முழுதும் தனியாகச் சுமக்கவில்லை, வழியில் வந்த ஒருவன் தோள் கொடுத்தான். உங்கள் அண்ணன் இப்போது அக்கறையெல்லாம் வெள்ளிக் குரிசின் மேல் காட்டுகிறார். நடப்பது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தெரியாவிட்டால் சொல்லுங்கள். 'விக்கிரகத்தை அப்புறம் பேசலாம், வீட்டில் எனக்கு அடி விழுகிறது' என்று சொல்லுங்கள். சங்கதி வெளியே போனால் குடும்ப மானம் போச்சு என்று இரண்டு பக்கமும் பேச்சு வரும். உண்மையைச் சொன்னதற்காக அந்தப் பேச்சைத் தாங்குகிறீர்கள் பாருங்கள், அதை வேண்டுமானால் குரிசு என்று சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

மன்னிக்க வேண்டாமா என்றும் உங்கள் மனதுக்குள் ஓடும். மன்னியுங்கள். மன்னிப்பதற்கு அவர் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

இனி செய்ய வேண்டியவை. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் அடிக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போடலாம். வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும் அதில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, உங்களைத் தெருவில் இறக்கிவிட முடியாது. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வசதி: பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்து தற்காலிகமாகத் தங்கினாலும் அங்கிருந்தே மனுக் கொடுக்கலாம். கேரளத்து நெய்யாற்றின்கரைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, தமிழ்நாட்டுக் குழித்துறையிலும் கொடுக்கலாம், உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். மனு எழுதப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார், 181-ல் கேட்டால் அவரிடம் சேர்த்துவிடுவார்கள். கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' மையத்திலும் போய்ப் பேசலாம், அவசரத்துக்குத் தங்கவும் இடம் தருவார்கள். மனுக் கொடுத்தால் கல்யாணம் முறிந்துவிடும் என்று பயப்படாதீர்கள், இது விவாகரத்து வழக்கு இல்லை.

குடிக்கு வேறு சிகிச்சை. கேரள அரசின் 'விமுக்தி' திட்டத்தில் எல்லா மாவட்டத்திலும் குடிநோய் சிகிச்சை மையம் உண்டு. போதை இறங்கிய காலை நேரத்தில், இன்னொரு பெரியவரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். ராத்திரி பேசாதீர்கள். அவர் வர மறுத்தால் அது அவர் பொறுப்பு. அவர் திருந்துவதற்கு நீங்கள் அடி வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு இதில் வராது.

இடவக அச்சனிடமும் (பங்குக் குருவிடமும்) சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் பழைய போதகரிடமும். 'ஜெபித்துக்கொண்டு பொறுத்துப்போ, மோளே' என்று மட்டும் சொல்லி ஒருவர் அனுப்பினால் அடுத்தவரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. அடி விழுந்து காயமோ கன்றிப்போனதோ இருந்தால் அன்றைக்கே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மாமியார் வீட்டில் இல்லை, அம்மா வீட்டில். டாக்டர் எப்படி ஆனது என்று கேட்பார். 'படியில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். கணவர் அடித்தார் என்று சொல்லுங்கள், அதை அவர் அப்படியே எழுதுகிறாரா என்றும் பாருங்கள்.